ஒரு பொருளும் இரு பெயரும்

ஒருவருக்கே பல பெயர்கள் வழங்குதல் உலகியலில் யாவரும் அறிந்ததொன்று. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. ஞானஸ்நானத்தின்போது பெற்ற பெயர் மற்றொன்று. வீட்டார் அன்பாய் அழைப்பது வேறொன்று. இவை யாவும் ஒருவரையே குறிக்கும் என்பதை அறியாத எழுத்தர் ஒருவர் கணக்கேட்டில் அமர்ந்தாராயின், ஒரு பெயரின்கீழ்ச் சம்பளம் செலுத்தியாயிற்று என்று குறித்துக்கொண்டு, மற்றொரு பெயரின்கீழ் அதே மாணவரைச் செலுத்தாதார் வரிசையிற் சேர்த்துவிடுவார். அவர் எழுதிய எழுத்திற் பிழையில்லை. கூட்டிய கூட்டலிற் பிழையில்லை. இருவர் என்று கொண்ட கொள்கையிலேயே பிழை நேர்ந்தது.

கணிப்பொறிகளின் உள்ளேயும் இத்தகைய மயக்கம் இடையறாது எழுகின்றது. அதனைத் தெளிவிக்கும் முறைக்கு மறுபெயர் ஆராய்ச்சி என்று பெயர் கூறலாம். அவ்வாராய்ச்சி இன்னதென்பதையும், அது கடினமாதற்குரிய காரணங்களையும், இக்காலத்துக் கம்பைலர்ச் சட்டகம் ஒன்றில் அதனைச் செம்மைப்படுத்தும் நெறியையும் இக்கட்டுரையின்கண் கூற முயல்வாம். அறிந்ததனை அறிந்ததென்றும், அறியாததனை அறியாததென்றும் உரைக்கும் ஒழுக்கம் ஒரு பொறிக்கும் இன்றியமையாததாம் என்பதே ஈண்டு நாம் வற்புறுத்தக் கருதுவது.

முதற்கண் சில சொற்களின் பொருளைத் தெளிந்துகொள்வோம். கணிப்பொறியின் நினைவகம், ஒரே அளவினவான சிற்றறைகள் வரிசையாய் அமைந்த நீண்ட தெருவைப் போன்றது. ஒவ்வோர் அறைக்கும் முகவரியாக ஓர் எண் உண்டு. நிரல் எழுதுவோர், எண்களின் கூட்டம் ஒன்றை வைத்தற்பொருட்டு அடுத்தடுத்த அறைகள் பலவற்றை ஒருங்கே எடுத்துக்கொள்வர். அத்தொகுதியைப் பஃபர் என்பர். அது தொடங்கும் இடத்தின் முகவரியைத் தாங்கி நிற்கும் பெயருக்குச் சுட்டி என்று பெயர். கணக்கிடும் உறுப்பின் அருகிலேயே பதிவகங்கள் எனப்படும் மிகச் சில அறைகள் உள. தொலைவிலுள்ள நினைவகத்தினின்று ஓர் எண்ணைக் கொணர நூறு நானோ வினாடியளவு செல்லக்கூடும். பதிவகத்திலிருப்பதை எடுக்க ஒரு நானோ வினாடியும் வேண்டுவதில்லை. ஆதலின், ஒருமுறை கொணர்ந்த எண்ணைப் பதிவகத்திலேயே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் பெருஞ் சிக்கனமாகும்.

மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் கருவியே கம்பைலர். அது சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பதோடு அமைவதில்லை. நிரலின் பொருள் மாறாதவாறு, வேண்டாதவற்றை நீக்கியும், முன்பின்னாக மாற்றியும், பலவற்றை ஒருங்கு சேர்த்தும் அதனை விரைவுபடுத்துகின்றது. பொருள் மாறாதவாறு என்னும் சொல்லிலேயே இடர்ப்பாடு அனைத்தும் அடங்கியிருக்கின்றது.

ஓர் உதாரணம் காண்போம். அ, ஆ என்னும் இரண்டு சுட்டிகள் உள்ளன என்று கொள்க. நிரலில் மூன்று கட்டளைகள் உள. முதலாவது, அ காட்டும் அறையிலுள்ள எண்ணைக் கொணர்க. இரண்டாவது, ஆ காட்டும் அறையில் 5 என்று எழுதுக. மூன்றாவது, அ காட்டும் அறையிலுள்ள எண்ணை மறுபடியும் கொணர்க. அவ்விரண்டும் வெவ்வேறு அறைகளாயின் மூன்றாவது கட்டளை வீண். முன்னர்க் கொணர்ந்த எண்ணே போதும். இரண்டும் ஓரறையே ஆயின், அவ்வெண் இப்பொழுது 5 ஆகிவிட்டது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு மேற்செல்வது முழுப் பிழையாகும். கம்பைலர் நிரலை மாற்றும் நேரத்தில் நிரல் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அறைகளின் முகவரிகளும் அதன் கண்முன் இல்லை. எழுத்தை மட்டும் பார்த்து அது முடிவு கூறவேண்டியிருக்கின்றது.

இன்னும் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. இக்காலத்துக் கணிப்பொறிகள் நான்கு அல்லது எட்டு எண்களை ஒரே கட்டளையாற் கூட்ட வல்லன. அ என்னும் தொகுதியின் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டி, ஆ என்னும் தொகுதியில் அதனதன் இடத்தில் எழுதவேண்டும் என்று நிரல் கூறுகின்றது. இரு தொகுதிகளும் வேறாயின், நான்கு நான்காக எடுத்துச் செய்தலில் தீங்கொன்றுமில்லை. ஆனால், ஆ என்பது அ என்னும் தொகுதியையே ஓரறை தள்ளிப் பார்ப்பதாயின் நிகழ்வது யாது? ஐந்து அறைகளிலும் முதலில் 0 இருந்தது என்று கொள்வோம். ஒவ்வொன்றாகச் செய்தால், முதலறையின் 0 இரண்டாமறையில் 1 ஆகும். அந்த 1 மூன்றாமறையில் 2 ஆகும். முடிவில் 0, 1, 2, 3, 4 என்று நிற்கும். நான்கையும் ஒருங்கே எடுத்துச் செய்தால், நான்கும் பழைய 0-க்களாகவே எடுக்கப்பட்டு, முடிவில் 0, 1, 1, 1, 1 என்று நிற்கும். பொறி நின்றுவிடவில்லை, எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை, விடை மட்டும் தவறாயிற்று. பிழைகளிலெல்லாம் இவ்வாறு ஓசையின்றி வரும் பிழையே கொடிது.

கம்பைலர் ஐயுற்றவிடத்து, நிரல் ஓடும்போதே இரு தொகுதிகளின் முகவரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றை முன்னே வைத்து, விரைவான வழி ஒன்றும் பொறுமையான வழி ஒன்றுமாக இரண்டையும் எழுதி வைத்தலும் உண்டு. இது நல்ல உபாயமே. ஆயினும் நிரல் பருக்கின்றது. சோதனைக்கும் சிறிது காலம் செல்கின்றது. தொகுதிகள் பலவாயின் சோதனைகளும் பலவாகின்றன. ஆதலின், முன்கூட்டியே அறியத்தக்கதை முன்கூட்டியே அறிதல் நன்று.

நிற்க. மறுபெயர் ஆராய்ச்சியிடம் இரண்டு பெயர்களைக் கொடுத்து, இவை ஓரிடத்தைக் குறிக்கின்றனவா என்று வினவினால், அது நால்வகை விடைகளுள் ஒன்றைத் தரும். இல்லை என்பது ஒன்று. அஃதாவது, இரண்டும் ஓரறையையும் பொதுவாக உடையன அல்ல. ஆம் என்பது மற்றொன்று. இரண்டும் ஓரிடத்திலேயே தொடங்குவன. ஒருபகுதி பொது என்பது மூன்றாவது. இருக்கலாம் என்பது நான்காவது. இந்நான்கனுள் இறுதியானதே ஆராய்ச்சியின் அடைக்கலம். அறிய இயலாதபோதெல்லாம் அது இருக்கலாம் என்றே கூறவேண்டும்.

இவ்விடைகளின் விளைவுகள் சமமானவை அல்ல. வேறாயிருப்பவற்றை ஒன்றாயிருக்கலாம் என்று கூறினால், கம்பைலர் அஞ்சி நின்றுவிடும், நிரல் மெதுவாய் ஓடும், விடையோ சரியாயிருக்கும். ஒன்றாயிருப்பவற்றை அல்ல என்று கூறிவிட்டால், நிரல் விரைந்து ஓடித் தவறான விடையைத் தரும். முன்னது பொருட்செலவு, பின்னது பொய்ச்சாட்சி. ஆகவே, ஆராய்ச்சியைச் செம்மைப்படுத்துதல் என்பது துணிந்து இல்லை என்று கூறப் பழக்குதல் அன்று. இல்லை என்று கூறுதற்கு வேண்டிய சான்றுகளை மிகுதியாக ஈட்டித் தருதலே ஆகும்.

எல்லா வினாக்களுக்கும் ஐயமற விடை கூறவல்ல ஆராய்ச்சி ஒன்றை இயற்றிவிடலாகாதோ எனின், ஆகாது. எந்த நிரலும் முடிவுறுமா, முடிவுறாதா என்பதைப் பொதுவாக அறிந்து கூறும் முறை ஒன்று இருத்தல் இயலாதென்று ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணிதப் பேரறிஞர் 1936-ம் ஆண்டிலேயே நிறுவினார். நிரல்களின் செயலைப் பற்றிய அற்பமல்லாத வினா எதற்கும் அந்நிலையே என்பதை ஹென்றி ரைஸ் என்பார் 1953-ல் காட்டினார். மறுபெயர் வினாவும் அவ்வகையினதே என்பதை 1992-ல் வில்லியம் லாண்டியும், 1994-ல் ராமலிங்கமும் தத்தம் ஆராய்ச்சியுரைகளில் தெளிவாக நிறுவினர். எனவே, இருக்கலாம் என்னும் விடையை அடியோடு ஒழித்தல் எவர்க்கும் இயலாது. அதனைக் குறைத்தல் மட்டுமே நம் முயற்சிக்குரியது.

இனி, இவ்வினா எழுந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பாரின் தலைமையில் உருவாகி 1957-ல் வெளிப்போந்த ஃபார்ட்ரான், விஞ்ஞானக் கணக்கிற்கென்றே அமைந்த மொழி. அம்மொழியின் விதிகளுள், ஒரு துணைநிரலுக்குக் கொடுக்கப்படும் இரு பொருள்களுள் ஒன்று மாற்றப்படுமாயின், அவை இரண்டும் ஓரிடத்தைக் குறித்தலாகாது என்பதொன்று. எழுதுவோரே இவ்விதியைக் காக்க வேண்டும். கம்பைலர் அதனை நம்பிச் செல்லலாம். ஃபார்ட்ரான் நிரல்கள் விரைவிற் பெயர்பெற்றமைக்கு இது ஒரு காரணமாகும்.

1972-ஐ அடுத்த ஆண்டுகளில் டென்னிஸ் ரிச்சி வகுத்த சி மொழியோ சுட்டிகளை எழுதுவோரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. அங்கே எதுவும் எதற்கும் மறுபெயராகலாம். அம்மொழிக்குத் தரம் வகுத்த குழுவினர், மறுபெயர் இல்லை என்று எழுதுவோரே உறுதி கூறுதற்குரிய சொல் ஒன்றைச் சேர்க்க முற்பட்டபோது, அஃது அமைந்த முறை தீங்கு பயக்கும் என்று ரிச்சி 1988-ல் வன்மையாக மறுத்தெழுதினார், அச்சொல் கைவிடப்பட்டது. பின்னர் 1999-ம் ஆண்டுத் தரத்தில், இன்னும் செவ்வையாக வரையறுக்கப்பட்ட ரெஸ்ட்ரிக்ட் என்னும் சொல் இடம்பெற்றது. இதற்கிடையே, முழுவெண்ணுக்குரிய சுட்டியும் பின்னவெண்ணுக்குரிய சுட்டியும் பொதுவாக ஓரிடத்தைக் காட்டமாட்டா என்று கொள்ளும் வகைவிதியும் சி மொழியில் ஏற்பட்டது. அவ்விதியை யாவரும் விரும்பினர் அல்லர். லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதி இன்றும் அவ்விதியை நம்பவேண்டா என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டே அமைக்கப்பட்டு வருகின்றது.

வாக்குறுதியை நம்புதலும், நம்பிய வாக்குறுதி பொய்த்தலும் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதற்கு 2010-ம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று தக்க சான்றாகும். சி மொழி நூலகத்தில், ஒரு தொகுதியை மற்றொரு தொகுதியிற் படியெடுக்கும் பணிக்கு மெம்காப்பி என்னும் துணைநிரல் உண்டு. இரண்டு தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் கூடாதென்பது அதன் நிபந்தனை. படியுமிடத்துப் பயன்படுத்தற்கு மெம்மூவ் என்னும் வேறொன்று உளது. நெடுங்காலம் அது முன்னிருந்து பின்னாகவே படியெடுத்து வந்தமையால், நிபந்தனையை மீறியவர்களுக்கும் பலமுறை இடர் நேரவில்லை. குனு சி நூலகத்தார் சில பொறிகளில் விரைவின் பொருட்டுப் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்குமாறு அதனை மாற்றினர். உடனே ஃபெடோரா 14 என்னும் லினக்ஸ் பதிப்பில் ஃபிளாஷ் வழியாகக் கேட்ட இசையெல்லாம் கரகரப்பாய்க் கெட்டது. தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கவும், படியவில்லை என்றே அந்நிரல் கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். எவர் பிழை என்று நெடிய வாதம் நிகழ்ந்தது. முடிவில் 2011-ல் வெளிவந்த 2.14-ம் பதிப்பில், பழைய நிரல்களுக்குப் பழைய முறையும் புதியவற்றுக்குப் புதிய முறையுமாக இரண்டும் வைக்கப்பட்டன. அன்று கெட்டது இசை மட்டுமே. அதே மயக்கம் ஒரு பாலத்தின் பாரக் கணக்கிலோ, நோயாளிக்குரிய மருந்தளவிலோ நேருமாயின் கரகரப்பு ஒன்றும் கேளாது. தவறான எண் சரியான எண்ணைப் போலவே அமைதியாய் நிற்கும்.

இனி இக்காலத்துச் சட்டகத்திற்கு வருவோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ம் ஆண்டில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆட்வேயும் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் கம்பைலர்ச் சட்டகம் இன்று பல மொழிகளுக்கும் அடிப்படையாய் விளங்குகின்றது. அதன் கிளையாக நிற்பது எம்.எல்.ஐ.ஆர். என்பது. கூகுள் நிறுவனத்தார் 2019-ல் அதனை யாவர்க்கும் பொதுவாக வெளியிட, அது எல்.எல்.வி.எம். திட்டத்தோடு சேர்ந்தது. செயற்கை அறிவு நிரல்கள் பலவும் இச்சட்டகத்தின் வழியே பொறிக்கட்டளைகளாக மாறுகின்றன. அவை எண்ணிறந்த எண்களைத் தாங்கிய பெருந்தொகுதிகளைக் கையாளுவன ஆதலின், மறுபெயர் வினா அங்கே மிகவும் கூர்மையாய் எழுகின்றது.

எம்.எல்.ஐ.ஆரின் சிறப்பு யாதெனின், நிரலை ஒரே படியில் கீழிறக்கிவிடாமல், மேனிலை மொழியிலிருந்து பொறிமொழி வரை பல படிகளாக இறக்கி வருதலாம். அதன் மேற்படி ஒன்றில், தொகுதியானது வெறும் முகவரியாக நில்லாமல் மெம்ரெஃப் என்னும் வகையாக நிற்கின்றது. தொகுதிக்கு எத்தனை வரிசை, எத்தனை நிரை, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எத்தனை அறை தாவவேண்டும் என்பன அவ்வகையோடு உடன் செல்கின்றன. அத்தொகுதியின் ஒரு பகுதியை மட்டும் நோக்குதற்குச் சப்வியூ என்னும் செயல் உண்டு. அதனை ஒரு சாளரம் எனலாம். சாளரம் புதிய அறைகளை உண்டாக்குவதில்லை. பழைய அறைகளுக்கே புதிய பெயர் ஒன்றைத் தருகின்றது. அதனாலேயே மறுபெயர்கள் பெருகுகின்றன.

இங்கே எளிய ஆராய்ச்சி செய்வது யாது? ஒவ்வொரு பெயரையும் அதன் மூலம் வரையிற் பின்தொடர்ந்து செல்லுதல். சாளரத்தினின்று அதன் தாய்த் தொகுதிக்கும், அதினின்று அதன் தாய்க்கும் சென்று, முடிவில் அத்தொகுதி புதிதாக ஒதுக்கப்பட்ட இடத்தையேனும், துணைநிரலுக்கு வெளியிலிருந்து வந்த இடத்தையேனும் அடைகின்றது. தனித்தனியே ஒதுக்கப்பட்டு, ஒருங்கே உயிரோடிருக்கும் இரண்டு தொகுதிகள் ஒன்றாதல் இயலாது; ஆகவே விடை இல்லை. துணைநிரலின் உள்ளே புதிதாக ஒதுக்கியதும் வெளியிலிருந்து வந்ததும் ஒன்றாதல் இயலாது. ஆகவே அங்கும் விடை இல்லை. வெளியிலிருந்து வந்த இரண்டோ, அனுப்பியவர் ஒன்றையே இருமுறை அனுப்பியிருக்கலாம் ஆதலின், இருக்கலாம் என்பதே நேர்மையான விடை.

இவ்வெளிய முறை ஓரிடத்தில் தளர்கின்றது. இரண்டு சாளரங்களுக்கும் மூலம் ஒன்றேயாயின், அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை நோக்காமையால், இல்லை என்று கூற அதற்கு வழியில்லை. எட்டு வரிசையும் பதினாறு நிரையும் உள்ள ஒரு தொகுதியைக் கொள்க. அதில் 0 முதல் 127 வரை எண்ணிட்ட 128 அறைகள் உள. மேல் நான்கு வரிசைகளை ஒரு சாளரமும், கீழ் நான்கு வரிசைகளை மற்றொரு சாளரமும் காட்டுமாயின், முன்னதன் அறைகள் 0 முதல் 63 வரை. பின்னதன் அறைகள் 64 முதல் 127 வரை. மூலம் ஒன்றாயினும் பொது அறை ஒன்றும் இல்லை. தொடக்கத்தையும் அளவையும் ஒப்பிட்டால் இதனை எளிதில் அறியலாம். இதுவே செம்மைப்பாட்டின் முதற்படி.

இரண்டாம் படி சற்றே நுட்பமானது. அதே தொகுதியில் இடப்பாதியின் எட்டு நிரைகளை ஒரு சாளரமும், வலப்பாதியின் எட்டு நிரைகளை மற்றொன்றும் காட்டுகின்றன என்க. முன்னது 0-ல் தொடங்கி 119-ல் முடிகின்றது. பின்னது 8-ல் தொடங்கி 127-ல் முடிகின்றது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் நோக்குவோர் இவை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்றே எண்ணுவர். உண்மையிலோ, ஒவ்வொரு வரிசையிலும் முன்னது எட்டு அறைகளை எடுத்துக்கொண்டு எட்டைத் தாவுகின்றது. தாவிய அறைகளே பின்னதற்கு உரியன. இதனை அறிதற்கு வரிசையையும் நிரையையும் தனித்தனியே ஒப்பிடல் வேண்டும். நிரைகளில் பொது இல்லை என்று கண்ட அளவிலே, முழுமைக்கும் இல்லை என்று துணியலாம். முகவரிகளாகக் கரைந்துபோன பின்னர் இவ்வறிவை மீட்டல் அரிது; மெம்ரெஃப் வகையாக நிற்கும்போதே கேட்டால் எளிது. மறுபெயர் வினாவை மேற்படியிலேயே கேட்டல் நன்று என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி, எண்ணளவு தெரியாத சாளரங்களைப் பற்றியது. ஒரு சாளரம் ந என்னும் இடத்தில் தொடங்கி நான்கு அறைகளைக் காட்டுகின்றது. மற்றொன்று ந-வோடு நான்கைக் கூட்டிய இடத்தில் தொடங்கி நான்கு அறைகளைக் காட்டுகின்றது. ந-வின் அளவு யாதென்று ஒருவர்க்கும் தெரியாது. எனினும் வேறுபாடு நான்கு என்பது தெரிகின்றது, அளவும் நான்கே. ஆதலின் ந எதுவாயினும் இரண்டும் படியமாட்டா. பொருளை அறியாமலே பொருள்களின் உறவை அறிதல் இயற்கணிதத்தின் இனிய பயன்களுள் ஒன்று. அஃது ஈண்டும் கைகொடுக்கின்றது.

நான்காம் படி, பிரிந்து கூடும் வழிகளைப் பற்றியது. நிபந்தனை ஒன்றை நோக்கி அ-வையோ ஆ-வையோ தெரிந்தெடுத்து இ என்னும் பெயரைத் தரும் நிரலில், இ-யின் மூலம் ஒன்றன்று, இரண்டு. சுழலும் நிரலிலோ, ஒவ்வொரு சுற்றிலும் பெயர்கள் இடம் மாறி வரலாம். அங்கெல்லாம் மூலங்களின் கூட்டத்தைச் சேர்த்து, ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, யாவும் இல்லை என்றாலன்றி இல்லை என்று கூறலாகாது. பின்தொடரும் பயணம் முடிவின்றி நீளாதபடி, எம்.எல்.ஐ.ஆரின் எளிய ஆராய்ச்சி பத்துப் படிகளுக்குமேல் தேடுவதில்லை. அவ்வெல்லையை அடைந்ததும் அறிந்ததாகப் பாவனை செய்யாமல் நின்றுவிடுகின்றது. இவ்வெல்லைக்குக் காரணமும் தக்கதே. ஆயிரம் தொகுதிகளுள்ள நிரலில் இரண்டிரண்டாக வினவினால் 4,99,500 வினாக்கள் எழும். ஒவ்வொன்றிற்கும் நெடுந்தொலைவு செல்வதாயின் கம்பைலரே களைத்துவிடும்.

மூலம் ஒன்றாயிருத்தல் வேறு. தொடக்கமும் அளவும் ஒன்றாயிருத்தல் வேறு. இதனையும் மறத்தலாகாது. ஒரு தாயின் இரு சாளரங்களை நோக்கி, தாய் ஒன்றே ஆதலின் இரண்டும் ஒன்றே என்று, ஆம் என்னும் விடையைக் கொடுத்துவிட்டால் அதுவும் பிழையே. பின்னே எழுதியது முன்னே எழுதியதை முற்றிலும் மூடிவிட்டது என்று கம்பைலர் கருதி, முன்னதை வேண்டாததென நீக்கிவிடும். நீக்கப்பட்டதோ பிறிதோரறையின் எண்ணாயிருக்கும். இல்லை என்பதற்கு மட்டுமன்றி, ஆம் என்பதற்கும் சான்று வேண்டும்.

அன்றியும், சட்டகத்தில் ஆராய்ச்சி ஒன்று மட்டும் இருப்பதில்லை, பல இருக்கின்றன. மூலத்தை நோக்குவது ஒன்று. வகையை நோக்குவது ஒன்று. எழுதுவோர் கொடுத்த உறுதியை நோக்குவது ஒன்று. ஒரு வினாவை வரிசையாக அவற்றிடம் கேட்டுச் செல்வர். இருக்கலாம் என்போரைக் கடந்து, திட்டமாக ஒன்றைக் கூறுபவரின் விடையை ஏற்பர். பலர் கூடிச் சாட்சி கூறும் மன்றத்தைப் போன்றது இது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே குறுக்கு விசாரணை இல்லை. ஒருவர் பிழையாகத் திட்டம் கூறினால், ஐயுற்று நின்ற மற்றையோரின் அடக்கம் அப்பிழையைத் தடுக்காது. ஆகவே, புதிய ஆராய்ச்சி ஒன்றைச் சேர்ப்போர், அது கூறும் ஒவ்வோர் இல்லைக்கும் தாமே பிணை நிற்பதாக எண்ணிச் சேர்த்தல் வேண்டும்.

மேனிலை மொழி கொடுத்த அறிவை வழியிற் சிந்தாமல் கீழே கொண்டுசேர்த்தலும் செம்மைப்பாட்டின் பெரியதொரு கூறாகும். எல்.எல்.வி.எம். திட்டத்தின் ஃபார்ட்ரான் கம்பைலராகிய ஃபிளாங்கில், அம்மொழியின் பழைய விதி கீழ்ப்படிக்கு வரும்போது, எல்லாம் வெறுஞ் சுட்டிகளாகி மறைந்துபோதல் கூடும். 2023-ல், இன்ன தொகுதி இன்ன மூலத்தது என்னும் அடையாளச்சீட்டுகளைக் கோத்துக் கீழே அனுப்பும் படி ஒன்று அதிற் சேர்க்கப்பட்டது. ரஸ்ட் மொழியின் கதையும் அறியத்தக்கது. மாற்றுதற்குரிய சுட்டி ஒன்று இருக்குமளவும் வேறெவரும் அப்பொருளைத் தொடலாகாது என்பது அம்மொழியின் அடிப்படை விதி. அவ்வுறுதியை எல்.எல்.வி.எம்.முக்கு அனுப்பத் தொடங்கியபோது, அதுவரை அரிதாகவே நடந்த வழிகளிற் புதைந்திருந்த பிழைகள் வெளிப்பட்டன. அதனால் அவ்வுறுதியை அனுப்புதல் ஒருமுறைக்கு மேல் நிறுத்தப்பட்டு, பிழைகள் களையப்பட்ட பின்னர் 2021-ல் வந்த 1.54-ம் பதிப்பில் மீண்டும் இடம்பெற்றது. விரைவை இழந்தேனும் உண்மையைக் காத்த அப்பொறுமை பாராட்டத்தக்கது.

இறுதியாக, அறிவும் பழையதாகும் என்பதை உணர்தல் வேண்டும். கம்பைலர் நிரலை ஒரு படி மாற்றியதும், முன்னர்க் கண்ட விடைகள் இப்பொழுது பொருந்துமோ என்னும் ஐயம் எழுகின்றது. இரண்டு தொகுதிகளின் காலங்கள் வேறு வேறு என்று கண்டு, இடத்தை மிச்சப்படுத்த அவற்றை ஓரிடத்திலேயே அமைத்துவிட்டால், நேற்று வேறாயிருந்தவை இன்று ஒன்றாயின. பழைய ஏட்டையே பார்த்து விடை கூறும் ஆராய்ச்சி, கூறியபொழுது உண்மையாயிருந்த ஒன்றைப் பொய்யாக்கிவிடும். எனவே, மாற்றம் நிகழ்ந்தவுடன் பழைய விடைகளைத் தள்ளிப் புதிதாகக் காண்டலும், ஒவ்வொரு செம்மைப்பாட்டோடும் அது கூறவேண்டிய இல்லைகளையும், கூறக்கூடாத இல்லைகளையும் சோதிக்கும் சிறு நிரல்களைச் சேர்த்து வைத்தலும் இத்தொழிலோர் கைக்கொள்ளும் நன்முறைகளாம். கூறக்கூடாதவற்றைச் சோதித்தலே இரண்டனுள் முதன்மையானது. விரைவு குறைந்தால் பயன்படுத்துவோர் உடனே அறிவர். உண்மை குறைந்தால் அறிவார் இலர்.

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவது யாது? ஆராய்ச்சியைச் செம்மைப்படுத்த வழிகள் பல இருந்தும், அவற்றுள் ஒன்றேனும் துணிச்சலால் வந்ததன்று. தொடக்கம், அளவு, தாவல் என்பவற்றைக் கூர்ந்து நோக்கியதாலும், உறவை எண்ணியதாலும், மேலோர் தந்த உறுதியைப் பேணிக் கொணர்ந்ததாலும், பழையதைத் தள்ளிப் புதியதைக் கண்டதாலுமே இருக்கலாம் என்பது இல்லை என்றாயிற்று. நிரல் எழுதும் மாணவர்கள் இதனின்று கைக்கொள்ளத்தக்க நன்மை ஒன்றுண்டு. தாங்கள் எழுதும் துணைநிரல் எத்தொகுதியை மாற்றுகின்றது, எதனை மாற்றாது வைக்கின்றது என்பதைத் தெளிவாக எழுதுவாராக. உறுதி கூறும் சொல்லை உறுதியாக அறிந்தபோதன்றி எழுதாதிருப்பாராக. ஐயத்தை ஐயமென்றே ஒப்புக்கொள்ளும் கம்பைலரை மந்தமென்று இகழாது, அதன் ஐயம் நீங்குமாறு தக்க சான்றினைத் தருதல் நம் கடனாகும். விரைவு விரும்பத்தக்கதே, உண்மையின்பின் வரும் விரைவே நிலைத்த பயனைத் தருவது.